கறந்து பார்த்து வாங்கிய டிராக்டர்

என் மனைவி செந்தமிழ்ச்செல்வியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எந்த விஷயத்தை எடுத்தாலும் கடைசியில் அவள் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கிறது. ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் தோற்பான்? இந்த டிராக்டர் விஷயத்திலாவது நான் ஜெயித்திருக்க வேண்டும். டிராக்டர் என் தொழில். மாடுதான் அவள் தொழில்.

அவள் பிறந்தது களமருதூர். ரிஷிவந்தியத்தை ஒட்டிய எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அவள் அப்பா சீராக ஒரு கிடாரிக் கன்றை ஓட்டிவிட்டார். பீரோ வரும், கட்டில் வரும் என்று காத்திருந்த என் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்தக் கன்று வளர்ந்து ஈன்று, அதன் கிடாரிகள் ஈன்று, போன வருஷம் எங்கள் கொட்டகையில் பன்னிரண்டு கறவைகள் நின்றன. ஒன்றுகூடச் சந்தையில் வாங்கியது கிடையாது. எந்த மாட்டுக்கு எது தாய் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். என் சித்தப்பா பிள்ளைகளின் பெயரைத்தான் இன்னும் மாற்றி மாற்றிச் சொல்கிறாள்.

நான் கரும்பு டிராக்டர் ஓட்டினவன். சொந்த வண்டி இல்லை, சம்பளத்துக்குத்தான். பதினெட்டு வருஷம், இரண்டு டிரெய்லரைக் கோத்துக்கொண்டு வயலுக்கும் சர்க்கரை ஆலைக்கும் நடை அடித்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம் வண்டியிலிருந்து இறங்கினவன் நிமிர முடியவில்லை. இடுப்பில் ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது, இனிமேல் எதையும் தூக்கக் கூடாது, குதிக்கக் கூடாது என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கட்டில்தான். மகள் தனுஷா சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். ஆக, இரண்டு ஏக்கர் தீவனப் புல்லை அறுப்பது, தலைச்சுமையாகக் கொண்டுவருவது, சாணியைக் கூடை கூடையாக அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டுவது எல்லாம் செல்வி ஒருத்தி தலையில் விழுந்தது. நான் கட்டிலில் கிடந்தபடி, அவள் செய்வதில் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். செய்ய எனக்கு வேறு வேலை இல்லை.

போன ஐப்பசி மழையில் ஈரப்புல் கட்டைத் தலைக்கு ஏற்றும்போது அவளுடைய வலது தோள் பிசகிவிட்டது. ஆறு மாதத்துக்குச் சுமையே எடுக்கக் கூடாது, மீறினால் கையைத் தூக்கவே முடியாமல் போகும் என்றார்கள். தகவல் எப்படித்தான் எட்டியதோ, மூன்றாம் நாளே மாட்டுத் தரகர் இருசப்பன் வாசலில் நின்றார்.

"பன்னெண்டையும் ஒண்ணா ஓட்டிக்கினு போறேன்மா. ரெண்டு பேரும் ஒடம்புக்கு முடியாம கெடக்குறீங்க. இன்னாத்துக்கு இந்தப் பாடு?"

செல்வி அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். அவர் போனதும் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மூணு மாட்டக் குடுத்துட்டு ஒரு டிராக்டர் வாங்கலாம். அது சுமக்கட்டும். மீதி ஒம்போதையும் வெச்சிக் காப்பாத்திடலாம்."

"சரியா அமையலன்னா?"

"அமையலன்னா ஒம்போதும் போயிடும். நம்மால ஒரு தடவதான் வாங்க முடியும். அதனால பாத்து வாங்கணும்."

மூன்று மாடுகளை வாங்க வந்தவர்கள் எங்கள் பக்கத்து வழக்கப்படி சாயங்காலம் ஒரு வேளை தங்கள் கையால் கறந்து பார்த்தார்கள். ராத்திரி இங்கேயே தங்கி, காலையில் இன்னொரு வேளை கறந்து பார்த்துவிட்டுத்தான் கயிற்றைப் பிடித்தார்கள். மாடுகள் தெருமுனை திரும்பும்வரை செல்வி நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சமையலறையில் பாத்திரம் தேய்த்தாள், ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரங்களை.

எலவனாசூர்கோட்டை ரோட்டில் பழைய டிராக்டர்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் பக்கீர் முகமது பாய் எனக்குப் பழக்கம். ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் சாய்ந்தபடி இருவரும் போனோம். அங்கே நின்றது ஒரு வண்டி. ஐம்பது எச்பி, நான் ஓட்டிய அதே ரகம். என்ஜின் சத்தம் கேட்டதுமே எனக்கு வயது பத்து குறைந்துவிட்டது. கரும்பு சீசனில் வாடகைக்கு விடலாம், ஊரில் நம் வாசலிலும் ஒரு பெரிய வண்டி நிற்கும் என்றெல்லாம் சொன்னேன். ஓட்டுவதற்கு என்னோடு கிளீனராக இருந்த சரத்குமாரை வைத்துக்கொள்ளலாம் என்று அதையும் நானே தீர்த்துவைத்தேன். செல்வி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"வண்டி நல்லா இருக்கு பாய். ஆனா ரெண்டு வேள கறந்து பாக்கணும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னாம்மா சொல்ற? டிராக்டரக் கறக்கப் போறியா?"

"டிராக்டர இல்ல பாய், மாட்ட. இந்த வண்டி ஒரு நாள் எங்க வூட்ல வேல செய்யட்டும். அன்னிக்கி சாயங்காலம் ஒரு வேள, மறுநா காலைல ஒரு வேள கறந்து பாக்குறேன். மாடு ஒத்துக்கிச்சின்னா வாங்கிக்கிறேன். என் மாட்ட வாங்குனவங்களும் ரெண்டு வேள பாத்துட்டுத்தான ஓட்டிக்கினு போனாங்க?"

பாய் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு மானம் போனது.

"முப்பது வருஷமா வண்டி விக்கிறேன். டயரக் கடிச்சுப் பாக்காத கொறையா சோதிச்சவங்க எல்லாம் வந்திருக்காங்க. இது புதுசா இருக்கு. டீசல் உன்னுது, வண்டி என்னுது. எடுத்துக்கினு போம்மா."

வேறொரு வியாபாரியாக இருந்தால் எங்களை வெளியே அனுப்பியிருப்பார். அந்த மனுஷனுக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன்.

பெரிய வண்டி வந்தது. சரத்குமார் ஓட்டினான். எங்கள் கொட்டகையில் இரண்டு பக்கமும் மாடுகள் நிற்க, நடுவே ஐந்தடி நடை. வண்டி அதில் நுழையவே இல்லை. வாசலில் கொஞ்சம் முன்னேற்றிப் பார்த்தபோது சைலன்சர் மேலே இடித்து ஒரு சிமெண்ட் ஷீட் உடைந்தது. கடைசியில் டிரெய்லரைத் தெருவில் நிறுத்தினார்கள். அன்றைக்குக் கூலிக்கு வந்த அம்மாசி, சாணியைக் கூடையில் அள்ளி அதுவரை நடந்து கொட்டினார். புல்வயலில் வண்டி திரும்பிய இடத்தில், அறுத்தபின் மறுபடி துளிர்க்க வேண்டிய மறுதாம்புக் கட்டைகள் நசுங்கிப்போயின. மாடுகள் சத்தத்தில் மிரண்டு கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றன.

சாயங்காலம் அம்மாசி கறக்க, செல்வி தோள் வலியோடு இடது கையால் ஒத்தாசை செய்தாள். வழக்கமாக முப்பது லிட்டருக்குக் குறையாத பால் அன்று இருபத்து மூன்றுதான். மாடுகள் பாலை அடக்கிக்கொண்டன. காலையில் இன்னும் கம்மி. செல்வி கேனை என் கட்டிலருகே கொண்டுவந்து வைக்கச் சொன்னாள்.

"போகப் போக மாடு பழகிக்கும்" என்றேன் எரிச்சலோடு.

"பழகிக்கும். கூடை தூக்கறதும் எனக்குப் பழகித்தான் போச்சி. வண்டி வாங்கின பெறகும் கூடை எங்கிட்டயே இருக்கும்னா வண்டி இன்னாத்துக்கு?"

தோற்கும்போதெல்லாம் நான் செய்வதையே செய்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் பெரிய வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, செல்வி ஒரு மாட்டுக் கயிற்றை எடுத்து நடையின் அகலத்துக்கு ஒரு முடிச்சு, கூரையின் உயரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டாள். அதைப் பையில் வைத்துக்கொண்டு, பாய் கடைக்குப் போய்விட்டு அப்படியே கள்ளக்குறிச்சியில் தோளுக்கு மாத்திரை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பொழுது சாயும்போதுதான் திரும்பினாள்.

அதற்கடுத்த நாள் வந்து நின்ற வண்டியைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது. இருபத்து நாலு எச்பி. தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் புகுந்து ஓடிய சின்ன வண்டி. சைலன்சர்கூடக் கீழே படுத்திருந்தது. இரட்டை டிரெய்லர் இழுத்தவன் வீட்டு வாசலில் இப்படி ஒரு பொம்மை. எதிர்வீட்டு ராணியம்மாள் எட்டிப் பார்த்து, "இது வளருமா, இல்ல இவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பாயும் கூடவே வந்திருந்தார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"அன்பு, நான் மறைக்கல. இத வெச்சி உன் களிமண்ணு நெலத்த ஆழமா உழ முடியாது. ஜாஸ்தி பாரம் ஏத்தினா சேத்துல நின்னுக்கும். உழவுக்கு வாடக வண்டிதான் கூப்டணும். உன் வூட்டுக்காரம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"வருஷத்துக்கு மூணு நாளு உழவு. சாணியும் புல்லும் தெனத்துக்கும் இருக்குதே பாய்" என்றாள் செல்வி.

வண்டி நடைக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் மிச்சம். மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. பிறகு புல்லைத் தின்னத் தொடங்கிவிட்டன. நடையிலேயே டிரெய்லரை நிறுத்திச் சாணியை மண்வெட்டியால் அள்ளியே ஏற்றினார்கள், யாரும் ஒரு கூடை தூக்கவில்லை. வயலிலிருந்து புல் வந்தது. புல் வெட்டும் மிஷினையும் அதே என்ஜின் ஓட்டியது. சாயங்காலம் முப்பது லிட்டர். மறுநாள் காலையிலும் குறையவில்லை. எதற்கெடுத்தாலும் உதைக்கும் செவலைப் பசுகூட அடங்கி நின்று சுரந்தது.

காலையில் கறவை முடிந்து சரத்குமாரும் அம்மாசியும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். செல்வி சாவியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"சரத்தையே மாசச் சம்பளத்துக்கு வெச்சிக்கலாம். எங்கிட்ட எதுக்குச் சாவி?" என்றேன்.

"ஏறுங்க."

"வெளையாடறியா? டாக்டரம்மா சொன்னது மறந்துடுச்சா?"

"தூக்கக் கூடாது, குதிக்கக் கூடாதுன்னாங்க. இதுல இன்னா தூக்கப் போறீங்க? இந்த வண்டியோட படி, சீட்டு, கிளச்சி எல்லாத்தையும் போன்ல படம் புடிச்சி முந்தாநேத்து ஆஸ்பத்திரில காட்டினேன். மெதுவா ஓட்டினா ஓட்டட்டும், அர மணிக்கி ஒருதரம் எறங்கி நடக்கணும்னாங்க."

நான் வண்டியின் படியைப் பார்த்தேன்.

"பெரிய வண்டிய நான் வாணாம்னது பாலுக்காக மட்டும் இல்லீங்க. அதோட படி எனக்கே எட்டல. நீங்க எப்படி ஏறுவீங்க? சம்பளத்துக்கு ஆள் வெச்சி ஓட்டி, அத நீங்க கட்டில்ல படுத்துக்கினு பாக்கறதுக்கா நான் மூணு மாட்டக் குடுத்தேன்?"

இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் தோற்ற தோல்விகளிலேயே பெரியது இதுதான். மட்கார்டைப் பிடித்துக்கொண்டு இடது காலைப் படியில் வைத்தேன். முழங்காலுக்கும் கீழேதான் இருந்தது படி. யாரும் தாங்கிப் பிடிக்காமல் நானே ஏறி உட்கார்ந்தேன். கிளச் பஞ்சு மாதிரி அமுங்கியது. முதல் கியரில் வண்டி நடைக்குள் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் ஒன்பது மாடுகள். ஒவ்வொன்றின் மூச்சும் என் முழங்காலில் பட்டது. நான் அழுதேன். சொல்ல வெட்கமாக இல்லை. நன்றி என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் எழுதியதோடு சரி. அது உடம்பு முழுக்க நிரம்பும் என்று அப்போதுதான் தெரிந்தது.

குப்பைமேட்டில் கொட்டிவிட்டுத் திரும்பும்போது கட்டில்மேல் கிடந்த என் போன் அடித்தது. செல்வி எடுத்தாள். மூன்று வருஷமாக யார் என்னைக் கேட்டாலும் அவள் சொல்லும் பதில் ஒன்றுதான். படுத்துக்கினு இருக்காரு, எழுப்பட்டுமா என்பாள். நான் விழித்துக்கொண்டுதான் கிடப்பேன், ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டுக்கொண்டு.

"யாரு, இருசப்பண்ணனா?" என்றாள். அவர் ஏதோ கேட்டார். "ஒம்போதும் எங்கியும் போவாதுண்ணே, வேற வூடு பாருங்க" என்றாள். அவர் மறுபடி ஏதோ கேட்டார்.

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"அவருகிட்ட இப்ப பேச முடியாதுண்ணே. வேலையா இருக்காரு."