பள்ளிக்கூட ரோட்டுக்கு ஒரு நடைபாதை

இண்டைக்குப் பின்னேரம் கவுன்சில் கூட்டத்துக்குப் போனனான். வாற வருச பட்ஜெட்டைப் பற்றி எங்கட டூங்கபி ஊர்ச் சனம் கருத்துச் சொல்லலாமாம், ஆளுக்கு மூண்டு நிமிசம்.

பள்ளிக்கூட ரோட்டுக்கு நடைபாதை கேட்டு எத்தினையோ கடிதம் எழுதிப்போட்டம். இந்த முறையும் பட்டியலில இல்லை. ரயில் ஸ்டேஷனடியில நீரூற்று கட்டப்போறினமாம்.

போன கிழமை ஒரு கார் என்ர மகளின்ர புத்தகப் பையை உரசிக்கொண்டு போனது. ஏழு வயசுப் பிள்ளை. அண்டையில இருந்து காலமை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட மாட்டன் எண்டு அழுறாள்.

அதைத்தான் எழும்பிச் சொன்னன். தலைவர் இடையில மறிச்சார்.

"பள்ளிக்கூடம் மாநில அரசாங்கத்தின்ர விசயம். அங்க கேளுங்கோ."

"பள்ளிக்கூடம் அவையின்ரதுதான். அதின்ர வாசல் வரைக்கும் போற ரோட்டு உங்கடது" எண்டன். கதிரையில இருக்காமல் அப்பிடியே நிண்டன்.

"நேரம் முடிஞ்சுது" எண்டார்.

எங்கட தெருவில இருக்கிற மலேசியாக்காரி கிரேஸ் பின்னால எழும்பினா. "என்னோட மூனு நிமிஷத்தையும் அவங்களே பேசட்டும்" எண்டா. பிள்ளையளே இல்லாத ஒரு கிரேக்கக் கிழவரும் தன்ர நேரத்தைத் தந்தார். நான் முழுசாச் சொல்லி முடிச்சன்.

நடைபாதையை அடுத்த மாசக் கூட்டத்தில நடக்கிற வாக்கெடுப்பில சேர்த்திருக்கினம். வெளிய வரேக்க தலைவர், "இனி நீங்கள் வந்து கஷ்டப்படத் தேவையில்லை" எண்டு நல்ல பண்பாச் சொன்னார்.

அந்தக் கூட்டத்துக்குக் கட்டாயம் போவன். முன் வரிசைக் கதிரை ரெண்டு எனக்கும் கிரேசுக்கும். மிச்சத்தில ஆர் இருக்கப்போறியள் எண்டு கீழ கொமெண்டில எழுதுங்கோ.