வேறு வீட்டுப் பேரில் ஓர் எடை அட்டை

புரட்டாசி மாதம், வியாழக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். மில்லில் ஏழு மணிச் சங்கு ஊதிய பிறகு சவரத்துக்கு உட்கார்ந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து என் மனைவி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. புள்ள பால் குடிக்க மாட்டேங்குதுங்க."

குழந்தைக்குப் பத்து மாதம். விடியற்காலையிலிருந்து ஆறு தரம் வயிற்றால் போயிருந்தது. அதுவரை நான் பெரிதாகப் பயப்படவில்லை. பால் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டதும்தான் பயந்தேன். இதற்கு முன் எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் போயிருந்தன. மூன்றுமே இப்படித்தான் ஆரம்பித்தன. வயிற்றால் போவது, பிறகு பாலை மறுப்பது, பிறகு ஒரு நாளோ ஒன்றரை நாளோ. எனக்கு நாற்பத்து நான்கு வயது, அவளுக்கு முப்பத்தெட்டு. இனிமேல் ஒன்று என்பது இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா வந்து குழந்தையின் உச்சியில் கை வைத்துப் பார்த்தாள். "தோசம் தட்டியிருக்குதுங்க வாத்தியாரே. குழி உழுந்து கெடக்குது பாருங்க. ஒரு சொட்டுத் தண்ணி குடுத்தரக் கூடாது. குடுத்தா குடுத்ததெல்லாம் கீழ போயிரும்" என்றாள். மஞ்சள் கொம்பைச் சுட்டு வயிற்றில் ஒரு சூடு வைத்தால் நிற்கும் என்றும் சொன்னாள். சூட்டுக்கு நான் சம்மதிக்கவில்லை. தண்ணீர் விஷயத்தில் அவள் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். முந்தைய மூன்றுக்கும் நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

டவுன் ஆஸ்பத்திரி துடியலூரிலிருந்து ஆறு மைல். மூன்றாவது பிள்ளையை வண்டியில் அங்கே கொண்டுபோனபோது பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. அதனால் என் மனைவி வண்டி என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. பத்து மணிவாக்கில் அவளே சொன்னாள்:

"அந்த எடை பாக்கற அம்மாவக் கூட்டிட்டு வாங்க."

எனக்கு வந்த ஆச்சரியத்தைச் சொல்ல வேண்டுமானால், அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் சிசு நல நிலையம் என்று ஒன்று வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதலில் அதை நடத்தியது கோயமுத்தூர்ப் பெரிய மனிதர் வீட்டுப் பெண்களும் வெள்ளைக்காரத் துரைசானிகளும் சேர்ந்த ஒரு சங்கம். வருஷத்துக்கு ஒரு தடவை காரில் வந்து இறங்குவார்கள். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளைக்குச் சோப்பும் பால் டின்னும் பரிசு கொடுப்பார்கள். மற்ற நாட்களில் அங்கே இருந்தது ஒரு ஆயாவும் விசிட்டர் என்ற அந்த அம்மாவும்தான். விசிட்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர், முப்பது வயது இருக்கும். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பார். பேச்சில் எங்கள் பக்கத்து 'ங்க' கிடையாது. "எத்தனை பிள்ளை பெத்த? எத்தனை இருக்கு? எந்தக் கிணத்துத் தண்ணி?" என்று கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். எங்கள் காதுக்கு அது போலீஸ்காரர் பேச்சாகவே இருந்தது.

ஊர்ப் பெண்கள் பயந்தது எடைக்கு. பெற்ற பிள்ளையைத் தராசில் வைத்தால் கண்படும் என்றார்கள். நான் படித்தவன், அதைக் கேட்டுச் சிரித்தேன். நான் பயந்தது நோட்டுக்கு. போர்டு பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்துகொண்டு கதர்க்காரர்கள் கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்ததற்காக எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருந்தது. என் வீட்டு மூலையில் ராட்டை இருந்தது. துரைசானி சங்கத்துச் சம்பளக்காரி வீட்டுக்குள் வந்து, அதைப் பார்த்து, எதையோ எழுதிக்கொண்டு போனால் அந்த நோட்டு எங்கே போய்ச் சேரும்? இப்படி யோசித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் எங்கள் நாலு பேர் பேச்சும் அதுவாகவே இருந்தது. அவர் எங்கள் தெருவுக்கு வந்த இரண்டு தடவையும் குழந்தையை மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு நானே வாசலில் நின்றேன். "இந்த ஊட்டுல கொழந்த இல்லீங்க" என்றேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சின்னத் துணிகளை அவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதையும் நான் சந்தேகப்பட்டேன்.

தேர்தல் வந்தது. காங்கிரஸின் மஞ்சள் பெட்டி ஜெயித்தது. ஆடி மாதத்தில் மந்திரிகளும் வந்துவிட்டார்கள். நிலையத்துச் சுவரிலிருந்து இங்கிலாந்து ராஜா படம் இறங்கியது. சங்கத்துக் கார் வருவது நின்றது, கமிட்டியில் கதர்ச் சட்டைகள் உட்கார்ந்தன. விசிட்டர் மட்டும் அப்படியே இருந்தார், அதே குடை, அதே நோட்டு. உடன் வேலை பார்த்த வாத்தியார் ஒருவர், "மந்திரி மாறியாச்சுங்க, தராசுக்காரி மாறலையே. நம்மாளுங்கள நோட்டம் பாக்கத் தொரைமாருங்க வெச்சுட்டுப் போயிருக்கறாங்களோ என்னமோ" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்முடைய ஆட்சி வந்த பிறகும் என் குழந்தை கொட்டகைக்குப் போவது நிற்கவில்லை.

அப்படிப்பட்டவரை அழைத்து வரச் சொல்கிறாள் என் மனைவி. "நம்ம புள்ள அவங்க புஸ்தகத்துலயே இல்லியே அம்மிணி. எப்படி வருவாங்க?" என்றேன்.

அவள் குழந்தையைப் பார்த்தபடியே சொன்னாள். "இருக்குதுங்க. அட்டை போட்டிருக்குது. ராவுத்தரூட்டுப் பேருல."

மூன்று பிள்ளை போன வீட்டில் நாலாவது பிறந்தால் அதைத் தவிட்டுக்கு விற்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்த மூன்றாம் நாள் குழந்தையை முறத்தில் போட்டு, பிள்ளைகள் எல்லாம் பிழைத்திருக்கிற ஒரு வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து, பதிலுக்குத் தவிடு வாங்கிக்கொள்வோம். குழந்தை எங்களிடமே வளரும். ஆனால் ஒரு வருஷம் முடிகிறவரை அது எங்கள் பிள்ளை என்று வாயால் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் வாங்கியவள் பிள்ளைதான். எமன் கேட்டாலும் அதே பதில். எங்கள் குழந்தையை வாங்கியவர் பெரியநாயக்கன்பாளையத்தில் அத்தர் வியாபாரம் செய்த ராவுத்தரின் மனைவி. எட்டுப் பிள்ளைகள், எட்டும் உயிரோடு.

ராவுத்தர் மனைவியும் என் மனைவியும் சேர்ந்து, நான் பள்ளிக்கூடம் போன பிறகு, மாதத்துக்கு இரண்டு தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். தராசில் வைக்கும்போது ராவுத்தர் மனைவி கையில் குழந்தை இருக்கும், என் மனைவி கூட வந்த சொந்தக்காரியாக நிற்பாள். ஐந்து மாதமாக நடந்திருக்கிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொன்னா உட்டிருப்பீங்களா? எனக்கு நிறுத்துப் பாக்கோணும்னு இருந்துச்சுங்க. ஒவ்வொரு வாட்டியும் ஏறியிருக்குதா, ஏறியிருக்குதான்னு. வேற ஆரோ புள்ளைன்னு சொல்லி நிறுத்தா கண்படாதில்லீங்க."

அவளையும் அந்த நிமிஷம் நான் சந்தேகப்பட்டேன். என்னைப் பற்றி என்னவெல்லாம் சொல்லியிருப்பாள்? குழந்தை உதடு காய்ந்து கிடக்கிறது, நான் இதை யோசித்தபடி சைக்கிளை எடுத்தேன்.

நிலையத்தில் ஆயா மட்டும் இருந்தாள். பாட்டில்களைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாள். ராவுத்தர் வீட்டுக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

"அந்தப் புள்ளயப் பாக்கத்தானுங்க அம்மா காத்தால பஸ்ஸுக்குப் பெரியநாயக்கன்பாளையம் போயிருக்கறாங்க. போன வாட்டி எடை கொறஞ்சு போச்சு, என்ன ஏதுன்னு பாத்துட்டு வாரேன்னாங்க." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க வாத்தியாருங்கதானே? ராவுத்தரூட்டுப் புள்ளைக்கு உங்களுக்கென்னுங்க இத்தன வேர்வ?"

சைக்கிளைப் பெரியநாயக்கன்பாளையத்துக்குத் திருப்பினேன். நாலு மைல். மேட்டுப்பாளையம் ரோட்டில் எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்தச் சொல்லிக் கைகாட்டி உள்ளே பார்த்தேன். இரண்டாவது பஸ்ஸின் டிரைவர், "ஏனுங்க, ஏறறதுன்னா ஏறுங்க, எட்டிப் பாக்கறதுக்கெல்லாம் வண்டி நிக்காது" என்று திட்டினான்.

ராவுத்தர் வீட்டில் ஆண்கள் இல்லை. வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். திரைக்குப் பின்னாலிருந்து ராவுத்தர் மனைவி பதறினாள்.

"அல்லாவே! நான் என்ன பண்ணுவேனுங்க வாத்தியாரையா? வருசம் முடியற வரைக்கும் எம்புள்ளைன்னுதானே சொல்லச் சொன்னீங்க. அந்தம்மா வந்து குந்திக்கிட்டு, எங்க கொழந்தன்னாங்க. எங்கம்மா ஊட்டுக்கு, வெள்ளகோயிலுக்கு அனுப்பிச்சுட்டேன்னு சொல்லிப்போட்டேன். எடை எறங்கின புள்ளய அத்தன தூரம் பஸ்ஸுல அனுப்பினியே, நீயெல்லாம் ஒரு தாயான்னு புடிச்சு வாங்கிட்டாங்க. எட்டு பெத்தவள ஒருத்தி தாயான்னு கேட்டுட்டாளேன்னு நானும் அழுதுட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

"எப்பப் போனாங்க?"

"இப்பத்தானுங்க. வெள்ளகோயில் டாக்டருக்குக் கடுதாசி எழுதோணும், விலாசம் குடுன்னாங்க. எனக்குத் தெரியாதுன்னேன். ஊருக்குள்ள இன்னும் ரெண்டு புள்ள பாத்துட்டு பஸ்ஸுக்குப் போறேன்னாங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க, அம்மிணி தனியா இருக்கும். அந்தம்மாவ நான் புடிச்சுட்டு வாரேன்."

திரை அசைந்தது. அட்டை ஒன்று வெளியே வந்தது. "இதயும் நீங்களே வெச்சுக்குங்க. இது இனி எங்கூட்டுல இருக்க வேண்டாம்" என்றாள். அதற்குள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பின் வாசல் வழியாக அவள் போவது தெரிந்தது.

அட்டையை அங்கேயே நின்று படித்தேன். அந்த நேரத்தில் அதைப் படித்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. தகப்பன் தொழில், அத்தர் வியாபாரம். கிணறு, தெருக் கிணறு. அதற்குக் கீழே தேதியும் எடையுமாகப் பத்து வரி. பின்பக்கம் திருப்பினேன். என்னைப் பற்றி, ராட்டையைப் பற்றி, கூட்டத்தைப் பற்றி ஏதாவது இருக்குமென்று தேடினேன். பென்சிலில் ஒரே ஒரு வரி இருந்தது: 'கூட வரும் சொந்தக்காரப் பெண் மிகவும் கவலைப்படுகிறாள், அவளிடம் பேச வேண்டும்.' முன்பக்கத்தில், பிறந்த பிள்ளைகள் எட்டு, உயிரோடு இருப்பது எட்டு என்று பழைய மையில் எழுதி, அதை அடித்து ஒன்பது, ஒன்பது என்று திருத்தியிருந்தது. என்னுடைய மூன்றும் அதில் இல்லை. எந்த ஏட்டிலும் அவை இல்லை. அவை எப்படிப் போயின என்று யாரும் கேட்க நான் விட்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. குழந்தை அழவில்லை. கண் பாதி திறந்தபடி கிடந்தாள். வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளிய இடம் மடிந்தே நின்றது. பக்கத்து வீட்டு அம்மா, "அந்தப் பொம்பள எங்கிருந்து வருவா? நீங்க கொட்டகைக்கும் ஊட்டுக்கும் தூக்கிட்டுத் திரிஞ்சது ஊருக்கே தெரியுமுங்களே. அவளுக்கு மட்டும் தெரியாமயா இருக்கும்? மனசுல வெச்சிருப்பா" என்றாள். என் மனைவி அவளிடம் முதல் தடவையாக, "நீங்க கொஞ்சம் அக்கட்டப் போங்க" என்றாள்.

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை வாசலில் நின்று பொய் சொன்னவன் வீடு. எதற்காக வர வேண்டும்? வந்தாலும் இனி வந்து என்ன? ராவுத்தர் மனைவி அவரைக் கண்டுபிடித்தாளா, இல்லை வெள்ளகோயில் கதையையே மறுபடி சொன்னாளா? ஒரு மணிநேரம் இப்படி வாசலுக்கும் தொட்டிலுக்கும் நடந்தேன். ஒரு வருஷம் கழித்து இதை எழுதும்போதும் என் மகள் கொஞ்சம் அதிக நேரம் தூங்கினால் மூக்கடியில் விரலை வைத்துப் பார்க்கிறேன். அவள் விழித்துக்கொண்டு கையைத் தட்டிவிடுகிறாள்.

ஒன்றே கால் மணிக்கு ஜட்கா வண்டி ஒன்று தெருவுக்குள் வந்தது. முதலில் துப்பட்டியோடு ராவுத்தர் மனைவி இறங்கினாள். "உங்க புள்ளைதான்னு, முன்ன போன மூணையும் சேத்து நாஞ் சொல்லிப்போட்டேனுங்க. பேச்சு மீறிப்போட்டேன். ஏதாச்சும் ஆச்சுன்னா எம்மேல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றாள். பின்னால் விசிட்டர் இறங்கினார். என் வீட்டு வாசற்படியை அடையாளம் தெரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. நான் கைகூப்பி, "அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். தோலைக் கிள்ளிப் பார்த்தார், வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"கடைசியா எப்போ தண்ணி குடுத்தீங்க?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "குடுக்கலீங்க" என்றேன். "குடுக்கக் கூடாதுன்னு..."

"இதுக்கு முன்னால போன பிள்ளைகளுக்கு?"

"அதுகளுக்கும் குடுக்கலீங்க."

அவர் பையிலிருந்து ஒரு சின்னக் கரண்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"அடுப்புல தண்ணியக் கொதிக்க வச்சு ஆத்திக் கொண்டு வாங்க. நிமிஷத்துக்கு ஒரு கரண்டி. துப்பினாலும் குடுக்கணும், வயித்தால போனாலும் குடுக்கணும். நீங்க அசந்தா அவங்க, அவங்க அசந்தா நீங்க. நான் போகச் சொல்ற வரைக்கும் ரெண்டு பேருல ஒருத்தராவது இந்த இடத்துலயே இருக்கணும்."