வெட்ட மனம் வராத கேக்

எங்கள் கடையின் கேக் மாஸ்டருக்கு ‘ஐஸ்’ என்று பட்டப்பெயர். கை சூட்டில் கிரீம் இளகக் கூடாது என்று, வேலைக்கு முன் ஐஸ் தண்ணீரில் கைகளை முக்கிவைப்பார். யாருக்கும் ஐஸ் வைக்க மட்டும் தெரியாது. இருபது வருடத்தில் அவர் கேக்கை ஒருவரும் குறை சொன்னதில்லை, பாராட்டியதும் இல்லை.

முன்பக்கக் கண்ணாடிக்குள் நிற்கும் இரண்டடுக்குக் கேக்கும் அவர் கைவேலைதான். உள்ளே மரக்கட்டை, மேலே சர்க்கரைப் பூச்சும் ரோஜாக்களும். அழுக்கேறியதும் இறக்கி, சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவார்.

அப்படி ஒருநாள் இறக்கியிருந்தபோது, அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். அவர்களுடைய மேனேஜர் ஓய்வு பெறுகிறாராம். பூசி முடித்த இரண்டும் மேசைமேல் இரட்டைப் பிள்ளைகள் போல நின்றன. மாஸ்டர் ஒன்றைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார். நான் நாடா கட்டினேன். பெட்டி கனப்பதுபோல் பட்டது. அப்படியே கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் மற்றதைக் கண்ணாடிக்குள் வைத்து, ‘விற்பனைக்கு அல்ல’ என்ற அட்டையின் குச்சியைச் செருகினார். குச்சி முழுதாக உள்ளே இறங்கிவிட்டது.

“போச்சு. நாளைக்கு எனக்கு வேலை இல்ல” என்றார்.

மறுநாள் கிரீம் குழல்களைத் துணியில் சுருட்டிக்கொண்டு, முதலாளியிடம் ஒப்புக்கொள்ள வந்தார்.

“வீட்ல என்ன சொன்னாங்க, மாஸ்டர்?” என்றேன்.

“இருபது வருஷமா ஒரு கட்டையோட குடும்பம் நடத்துறேன், நான் புகார் குடுத்தேனான்னு கேக்குறா.”

முதலாளியிடம் அவர் வாயைத் திறப்பதற்குள் அலுவலகத்து ஆள் வந்துவிட்டார்.

“நேத்து குடுத்தீங்களே ஒரு கேக்!” என்றார் முதலாளியிடம். மாஸ்டர் சுவரோடு ஒட்டி நின்றார். “எங்க சாருக்கு அதை வெட்டவே மனசு வரல. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில வெச்சிட்டாரு. இப்படி ஒரு கேக்கைப் பார்த்ததே இல்லைன்னு ஒரே புகழ்ச்சி. புது மேனேஜர் வர்றாரு, அச்சு அசல் அதே மாதிரி இன்னொண்ணு வேணும்.”

முதலாளிக்கு முகமெல்லாம் பல். “முடியுமா மாஸ்டர்?”

“முடியும்.”

உள்ளே வந்து நேற்றைய கேக்கை வெட்டி, ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். பஞ்சுபோல் இருந்தது.

“ரொம்ப நல்லாருக்கு, மாஸ்டர்.”

“இருக்கட்டும்” என்றார், குழல்களை மறுபடி பிரித்தபடி. “ஆசாரி வீடு எந்தத் தெருன்னு உனக்குத் தெரியுமா?”