குடிக்காத தண்ணீர்

அந்த வருடம் என் மகளின் தண்ணீர் பாட்டில் பள்ளியிலிருந்து தினமும் அப்படியே திரும்பி வந்தது. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். "ஒரு பாட்டில் தண்ணி குடிக்க வலிக்குதா உனக்கு?" என்று திட்டிவிட்டு அதைத் தொட்டிச் செடிக்கு ஊற்றுவேன். செடி நன்றாக வளர்ந்தது.

காரணம் எனக்குத் தெரியாது என்று எழுத ஆசைதான். தெரியும். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம், கீழே வீட்டுக்காரர்கள். அவர்கள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. பள்ளி திறந்த மாதமே இவள் என்னிடம் சொல்லிவிட்டாள்.

"நான் பாத்ரூம் போனா அவளும் அவ ஃப்ரெண்ட்ஸும் வெளியில தாழ்ப்பா போட்டுடறாங்கம்மா. பெல் அடிச்சப்புறம்தான் திறக்கறாங்க. கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கறாங்க."

"ஓனர் பொண்ணுடி. நாம ஏதாவது சொல்லப்போயி, வீட்டைக் காலி பண்ணுன்னுட்டா எங்க போறது? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

பண்ணிக்கொண்டாள். தண்ணீர் குடித்தால்தானே பாத்ரூம் போக வேண்டும்? தினமும் தலைவலியோடு வந்து படுத்தாள். அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் கடைசி இரண்டு பக்கம் வெறுமையாக இருந்தது. "அடக்க முடியலம்மா, அதான் சீக்கிரம் குடுத்துட்டேன்" என்றாள். அதற்கும் நான் கண்டுபிடித்த மருந்து, கணக்கு டியூஷன்.

பிப்ரவரியில் குளிர்க் காய்ச்சல் வந்தது. சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று அழுதாள். சிறுநீரில் தொற்று என்றார் டாக்டர். "ஸ்கூல்ல டாய்லெட்டே போறதில்லையாம்மா நீ?" என்று அவளைக் கேட்டார்.

அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ரொம்ப நாறும் டாக்டர்" என்றாள். பள்ளிக்கூடங்களின் சுத்தத்தைப் பற்றி டாக்டர் ஐந்து நிமிடம் பொரிந்து தள்ளினார். நானும் சேர்ந்து தலையாட்டினேன். வெட்கங்கெட்ட தலை.

பதினோரு வயதுப் பெண் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். அது தாங்காமல்தான், வீடு வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். வீட்டுக்கார அம்மாள் முழுவதையும் கேட்டார். மகளைக் கூப்பிட்டு, எங்கள் எதிரிலேயே கண்டித்து, மன்னிப்புக் கேட்கவைத்தார். நாளைக்கு நானும் ஸ்கூலுக்கு வருகிறேன் என்றார். காலி செய்வது பற்றி ஒரு பேச்சும் இல்லை. இத்தனை மாதம் நான் பயந்தது இந்த மனுஷிக்குத்தான்.

"மொதலே ஹேளபாரதா?" என்று என்னைக் கேட்டார். முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று. அவர் கண் கலங்கியிருந்தது.

"இவத்தே கொத்தாயித்து அக்கா" என்றேன். இன்றைக்குத்தான் தெரிந்ததாம். ஒரு வாக்கியத்துக்கு நாலு தடவை திக்கும் என் கன்னடம் அந்தப் பொய்யில் மட்டும் திக்கவில்லை.

என் மகளுக்கு என்னைவிட நன்றாகக் கன்னடம் தெரியும். என் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டு, தனியாக மாடிப்படி ஏறிப் போனாள்.