வசனத்தை வெட்டிய அக்கா

எங்கள் சர்ச்சின் பங்குத் திருவிழா நாடகத்தை இயக்கும் வேலையை, டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஓர் அக்காவிடம் பங்குச்சாமியார் ஒப்படைத்தபோது பலர் சிரித்தார்கள். நானும்தான். சேலத்தில் எங்கள் கோயில் மைதானத்தில் வருஷா வருஷம் நாடகம் உண்டு. யாருக்குக் குரல் பெரிதோ அவரே இயக்குநர் என்பதுதான் அதுவரை வழக்கம். இந்த அக்காவோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசுபவர்.

சாமியார் காரணம் சொன்னார்: "நான் அவங்ககிட்டதான் வண்டி ஓட்டப் பழகுனேன். நாலு ரோட்டுல முன்னாடியும் லாரி, பின்னாடியும் லாரி. நடுவுல என் கார் நின்னுபோச்சு. சுத்தி அத்தனை ஹாரன். அந்தம்மா ஒரு சத்தம் போடல. 'அவசரமில்லீங்க சாமி, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க'ன்னாங்க. அது போதும் எனக்கு."

நாடகத்தை எழுதியவன் நான். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் வாத்தியார். அப்போது இரண்டு மூன்று பத்திரிகைகளில் என் கதைகள் வந்திருந்தன. அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது. கதை எளிமையானதுதான். வீட்டைப் பிரித்து நடுவில் சுவர் வைத்துக்கொண்ட இரண்டு சகோதரர்கள். வெளியூர் போய்த் தோற்றுப்போன தம்பி, ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வாசலில் வந்து நிற்கிறான். கடைசிக் காட்சியில் அண்ணன் அவனை மன்னித்து ரெண்டரைப் பக்கத்துக்குப் பேசுகிறான். அந்த ரெண்டரைப் பக்கத்துக்காகத்தான் மீதி நாடகத்தையே எழுதினேன் என்று சொல்லலாம்.

அண்ணன் வேடம் அக்காவின் கணவருக்கு. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். அக்காவை அக்கா என்று கூப்பிட்டதால் அவர் எனக்கு மாமா. நாள் முழுக்கச் சுத்தியல் சத்தத்தில் நின்று பேசியே பழகியவர் என்பதால், காதில் சொல்லும் ரகசியமும் தெருக்கோடிக்குக் கேட்கும். தம்பி வேடத்துக்கு முட்டை வேன் ஓட்டுகிற ஒருவர் வந்தார்.

ஒத்திகை தொடங்கி முதல் வாரம் அக்கா ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. பங்கு மன்றத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். மறுநாள் பக்கவாட்டுக் கதவருகே நிற்பார். இன்னொரு நாள் சிறுபிள்ளைகள் உட்காரும் இடத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோயில் பெருக்க வரும் அம்மாளைக் கூப்பிட்டு, "இப்ப இவிங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்டைன்னு உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?" என்று கேட்பார். அந்த அம்மாள் விழித்தால், அந்தக் காட்சியை மறுபடி முதலிலிருந்து நடத்துவார். ஒருநாளும் நடிகர்களிடம், "உங்களுக்கு வரல" என்று சொன்னதில்லை. "எனக்குத் தெரியல, இன்னொரு தடவ காட்டுங்க" என்பார்.

இரண்டாவது வாரம் அது நடந்தது. ஒத்திகை நடுவே டீ வந்தது. எல்லோரும் டம்ளரை எடுத்துக்கொண்டு ஒதுங்கினோம். மேடை நடுவே டிரங்குப் பெட்டி கிடந்தது. பட்டறையிலிருந்து நேராக வந்திருந்த மாமா, யார் காலாவது தடுக்கிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, போய்க் குனிந்தார். தோளில் கிடந்த துண்டால் பெட்டியின் மேல் தூசியைத் தட்டினார். ஒரு பக்கத்தைப் பிடித்துக் கனம் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் தூக்கி, உள்ளறை என்று நாங்கள் சாக்பீஸால் கோடு போட்டிருந்த இடத்தில், மூலையோடு மூலை சேர்த்து வைத்தார்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க, இப்ப என்ன பண்ணுனீங்க?"

"பெட்டிய எடுத்து வெச்சேன். ஏன், வெக்கக் கூடாதா?"

"அதையே இன்னொருக்கா பண்ணுங்க. தம்பி வாசல்ல நிக்கட்டும்."

மாமா மறுபடி செய்தார். அக்கா அதை முழுக்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், கடைசி வசனம் வேண்டாமுங்க" என்றார்.

"எந்த வரிங்கக்கா?"

"முழுசாவுமே."

நான் கொதிப்பதற்குள் மாமா கொதித்துவிட்டார். "ரெண்டு வாரமா மனப்பாடம் பண்ணியிருக்கேன்! பட்டறைல ஆளுங்களுக்கெல்லாம் பேசிக் காட்டிட்டேன். எங்க சொந்தமெல்லாம் நாமக்கல்லுல இருந்து வண்டி புடிச்சு வருது. பெட்டி தூக்கறதப் பாக்கவா வராங்க?" நான் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் போகவில்லை.

அதற்கு அடுத்த நாள், எல் போர்டு போட்ட கார் எங்கள் வாசலில் நின்றது. அக்கா உள்ளே வந்து என் மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"நான் சொன்னது தப்பாக்கூட இருக்கலாமுங்க சார். ரெண்டு விதமாவும் போட்டுப் பாப்போம். பாட்டுக்குழுப் பொம்பளைங்கள உக்கார வெச்சிருக்கேன். எது எடுபடுதோ அது. உங்க வசனம் எடுபட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

போனேன். முதலில் வசனத்தோடு நடந்தது. மாமா முழங்கினார். பெண்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒருத்தி செல்போனைப் பார்த்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து வசனமில்லாமல். தம்பி தலை கவிழ்ந்து நிற்க, மாமா துண்டால் தூசி தட்டிப் பெட்டியைத் தூக்கினார். செல்போன் பார்த்தவள் அதை மடியில் கவிழ்த்து வைத்தாள். பெருக்க வரும் அம்மாள் விளக்குமாறோடு நின்று, "அட, உள்ள சேத்துக்கிட்டாரே!" என்று தன்னையறியாமல் சொன்னாள்.

எனக்கு வலித்தது. ஆனால் வேதியியல் சொல்லிக் கொடுப்பவன், கண்ணெதிரே வந்த முடிவை இல்லையென்று எப்படிச் சொல்வேன்?

என் ரெண்டரைப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை அக்கா வைத்துக்கொண்டார். நான் யோசிக்காமல் இடையில் எழுதிப்போட்ட வரி அது: "தாப்பா இன்னும் சரியா விழறதில்ல, தூக்கித்தான் போடோணும்." தாழ்ப்பாள் சரியாக விழாத அந்தக் கதவு, தம்பிக்கும் சின்ன வயதிலிருந்து பழகிய கதவு. அதற்கு மேல் என்ன மன்னிப்பு வேண்டும் என்றார் அக்கா. அந்த வரியையும் மாமா முழங்கத்தான் செய்தார். "அடக்கிப் பேசுங்க" என்று அக்கா சொல்லவே இல்லை. திரும்பி நின்று, பெட்டியை வைத்துக்கொண்டே சொல்லச் சொன்னார். சபைக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று நான் சட்டம் பேசினேன். "அந்த முதுகுதான் எனக்கு வேணும் சார்" என்றார். குனிந்திருந்த மாமாவின் குரல் தானாகவே தணிந்தது.

வீட்டில் மாமா பேசாமல் இருந்தார். "சோத்துக்கு மட்டுந்தான் வாயத் தொறக்கறாரு" என்று அக்கா சிரித்தார். சமாதானத்துக்காக வசனத்தில் பாதியைக்கூடத் திருப்பித் தரவில்லை. அதற்குப் பதிலாக நிஜக் கதவு ஒன்று செய்து தர முடியுமா என்று அவரிடம் கேட்டார். மாமா லாரிக்கு வாங்கிய பலகையில் நிலையும் கதவுமாக ஒன்றைச் செய்து, வேண்டுமென்றே கோணலாகத் தாழ்ப்பாள் வைத்து, நான்கு ஆட்களோடு தூக்கிக்கொண்டு வந்தார்.

திருவிழா அன்று மாலை ஏழு மணிக்கு நாடகம். மைதானம் நிறைந்திருந்தது. கடைசிக் காட்சியில் வெளிச் சாலையில் போர்வெல் போடும் ஒரு ரிக் லாரி இரைந்துகொண்டு போனது. மாமா பெட்டியைக் கையில் வைத்தபடி அது போகும்வரை நின்றார். அப்படி நிற்க யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு குனிந்து வைத்தார், திரும்பாமலே அந்த வரியைச் சொன்னார். தம்பி தாழ்ப்பாளைத் தூக்கிப் போட்டான். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அதன்பின் கைத்தட்டல்.

நான் அக்காவைத் தேடினேன். ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் ஜெபமாலை உருண்டுகொண்டிருந்தது. சாயங்காலத்திலிருந்து இரண்டு தடவை வாந்தி என்றார்.

"உங்களுக்கா பயம்? ஒரு நாளும் காட்டலியேக்கா!"

"நான் காட்டுனா அவிங்களுக்கும் ஒட்டிக்குமுங்களே சார்."

மாமா ஒப்பனையைக் கலைக்காமலே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சொந்தக்காரர்கள் அங்கங்கே பிடித்துக் கை குலுக்கினார்கள். நாலைந்து நாளுக்குப் பின் மனைவியிடம் அவர் பேசிய முதல் பேச்சு, "எப்படி இருந்துச்சு?" என்பதுதான்.

அக்கா யோசித்தார். "நல்லா இருந்துச்சுங்க. தூசி தட்டறப்பதான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க."

மாமா அவரையே பார்த்தார். பிறகு மைதானம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "பாத்தீங்களா சார்? இவகூட நான் எப்படிக் குடும்பம் நடத்தறேன்னு!" என்று என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். ரெண்டு நாளைக்கு அந்த இடம் வலித்தது. அடுத்த வருஷத்துக்கான கதையைக் கேட்டு அக்கா என் வீட்டுக்கு வந்தபோது, முப்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். எங்கே வெட்டப் போகிறார் என்று பார்க்கும் ஆசையில், வழக்கத்தைவிட நாலு பக்கம் கூடுதலாகவே எழுதியிருந்தேன்.