டாக்டரின் கட்டுரைப் பட்டியலில் நைனாவின் நம்பர்

தொண்ணூறுகளின் பின்பாதியில், தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுக்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். வாராவாரம் அங்கே ஒரு டாக்டர் வருவார். பெங்களூரில் மருத்துவக் கல்லூரி வாத்தியார்; சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரலை ஆராய எங்கள் ஊருக்கு வந்துபோனவர். பேராசிரியர் பதவிக்கு மனு போடுவதற்காக, தான் எழுதிய கட்டுரைகளையும் அவற்றை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்பதையும் பட்டியலாக அடித்துத் தரச் சொன்னார்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. பால்காரர் சிரித்தால்கூட இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்று நினைப்பேன். பட்டியலில் பாதிக் கட்டுரைகள் நுரையீரலைப் பற்றி. மீதி, சுரங்கத்தை விட்டு வருகிறவர்கள் சுயதொழில் தொடங்குவதைப் பற்றி. ஊசி போடுகிறவருக்கு வியாபாரத்தில் என்ன வேலை? அவரையே கேட்டேன்.

"இங்க பலருக்கு நுரையீரல் நல்லா இருக்குன்னு முதல் கட்டுரையில காட்டினேம்மா. உடம்பு நல்லா இருந்தா, சுரங்கம் மூடினாலும் சொந்தமா தொழில் பண்ணலாமே. அதுலேருந்து இது வந்தது" என்றார்.

மேற்கோள் காட்டியவர்கள் வரிசையில் முதல் ஆறேழு இடத்திலும் அவர் பெயரே இருந்தது. தன் வீட்டுக் கல்யாணத்தில் தானே மொய் எழுதுகிற ஆள் என்று முடிவு கட்டினேன். கீழே வெளிநாட்டுப் பெயர்கள் நீண்டுகொண்டே போனதைப் பார்த்தும் என் மனம் மாறவில்லை. எல்லோரும் அந்த முதல் கட்டுரையைத்தான் நம்பியிருந்தார்கள்.

இதழில் வந்த அதன் அட்டவணை ஜெராக்ஸில் மங்கிவிட்டதால், கையெழுத்துக் குறிப்பைக் கொடுத்துப் புதிதாக அடிக்கச் சொன்னார். அதில் பெயர்கள் இல்லை, டோக்கன் நம்பர்கள் மட்டும். சுரங்கத்துக்குள் இறங்கும் கேஜ் கூண்டில் ஏறுமுன் ஒவ்வொருவரும் வாங்கிக்கொள்ளும் பித்தளை வில்லையின் நம்பர். நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் நம்பர் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அதற்கு நேரே 'நுரையீரல் சுத்தம்' என்று இருந்தது.

நைனா நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொள்வார். அவர் இருமலில்தான் சுரங்கக் கம்பெனி கொடுத்த எங்கள் லைன் வீடுகள் கண்விழிக்கும். மார்நோய் என்று சான்றிதழ் வாங்கி, கீழே இறங்காத வேலைக்கு அவரை மாற்றிவிட அம்மா அலைந்துகொண்டிருந்தாள். பழைய எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையே என்று கம்பெனி ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்கள். பதவி ஆசையில் இந்த மனிதர் எங்கள் நைனாவைக் காகிதத்திலேயே குணப்படுத்திவிட்டார் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போய், அந்த டாக்டரைச் சும்மா விடமாட்டேன் என்று கத்தினேன். நைனா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அவர இன்னாத்துக்கு ஏசற? அவரு எக்ஸ்ரே எடுத்த அன்னிக்கு நான் போவல. என் டோக்கன குட்த்து உன் சித்தப்பன அனுப்பிச்சேன்."

சித்தப்பா மாரிகுப்பம் ஸ்டேஷன் எதிரில் பழக்கடை வைத்திருந்தவர். ஒருநாளும் சுரங்கத்தில் இறங்காதவர்.

"இன்னா நைனா சொல்ற?"

"அந்தப் படம் கம்பெனிக்கும் போவும். அன்பிட்டுன்னு எழுதிட்டா கேஜ்ல ஏற வுடுவாங்களா? மேல் வேல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் கெடைக்கும்; மத்தவன லைன் வூட்டயும் காலி பண்ண சொல்வாங்க. நான் மட்டுமா? நம்ம லைன்ல மார் கெட்டவன் எல்லாம் அப்டித்தான் ஆள் மாத்தி அனுப்பினான். நெஞ்சு நல்லா கீறவன் ஒருத்தன் மூணு பேருக்கு நின்னான்."

அத்தனை நாள் அம்மா அலைந்ததை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர் மீது எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிடம் அவருக்கு இருமல் வந்தது, போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

மறுவாரம் டாக்டரிடம் நைனா செய்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் நம்பரைத்தான் பார்த்தேம்மா. முகத்தைப் பார்க்கல."

நைனாவுக்குப் புதிதாகப் படம் எடுத்துத் தானே சான்றிதழ் எழுதித் தருவதாகச் சொன்னார். இவரையா பொய்யர் என்று நினைத்தேன் என வெட்கமாக இருந்தது. பிறகு பேனாவை எடுத்தார்.

"உங்க அப்பா ஒருத்தர்தானா? இன்னும் பல பேர் இப்படின்னா, கட்டுரையையே வாபஸ் வாங்கணும். எல்லாரையும் திரும்பப் படம் எடுக்கணும்."

அந்த அட்டவணையில் இருந்த பலர் அப்போதும் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மறுபடி படம் எடுத்தால் அத்தனை பேருக்கும் வேலை போகும், வீடு போகும். எடுக்காவிட்டால் நைனாவைப்போலவே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. பயம்தான் முந்திக்கொண்டது.

"ஒருத்தர்தான் சார்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். நம்பவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. இன்னொரு தடவை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பதவி மனுவை என் பக்கம் தள்ளி, "அப்ப மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்மா" என்றார்.

நைனாவின் நம்பரை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற எல்லோரையும் சுத்தமான நுரையீரலோடு அடித்துக் கொடுத்தேன்.