தவக்காலத்தில் பொய்யை விட்டவர்

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எங்கள் வீட்டில் போசனமே பொய் சொன்ன வாயால்தான் வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் வண்டி ஆபீசில் போன் எடுக்கிறவர். கோடை தொடங்கிவிட்டால் கிணறு வற்றிய விவசாயிகள் விடிவதற்குள் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஓனரிடம் இருப்பது ஒரே வண்டி. கேட்கிறவர்களோ ஊருக்கு நாலு பேர். அத்தனை பேருக்கும் இவர் சொல்வது ஒரே பதில்: "வண்டி கெளம்பிருச்சுங்க."

வண்டி அந்த நேரத்தில் எவர் காட்டிலோ பாறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். அது விவசாயிகளுக்கும் தெரியும். கிளம்பிவிட்டது என்றால் இன்னும் கிளம்பவில்லை. பக்கத்தில் வந்துவிட்டது என்றால் இப்போதுதான் கிளம்புகிறது. டிரைவரே கூப்பிட்டு வழி கேட்டால்தான் வண்டி வருவதாக அர்த்தம். இந்தக் கணக்கு தெரியாத விவசாயி எங்கள் பக்கம் கிடையாது.

அவரை மட்டும் சொல்வானேன். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். "கொக்கி வெக்கறது மட்டுந்தாங்க பாக்கி" என்று நான் சொன்னால், துணி இன்னும் வெட்டாமல் பையிலேயே கிடக்கிறது என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து, பொய் சொல்வது பாவம் என்று ஞானோபதேசம் நடத்துகிறவளும் நானேதான். பிழைப்புக்காகச் சொல்லும் சின்னப் பொய் அற்பப் பாவம், அதைக் கடவுள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். நீதிபதியும் நானே, குற்றவாளியும் நானே என்பதால் வழக்கு சுலபமாக முடிந்தது.

இந்த வருடம் தவக்காலத்துக்கு முன்னால் இவர் பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். வருடா வருடம் போய்ச் சொல்கிற அதே பாவம்தான். பொய் சொன்னேன் சாமி என்றிருக்கிறார். எத்தனை என்று சாமியார் கேட்டிருக்கிறார். "எத்தனை போன் வந்துச்சோ அத்தனைங்க சாமி."  அதற்குச் சாமியார், "நாப்பது நாளும் கறியை விடறீங்க, மீனை விடறீங்க. இந்த வருசம் பொய்யை விட்டுப் பாருங்களேன்" என்றாராம். இதை அவரே வந்து என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த புதன்கிழமையே ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் மகள் இன்ஜினியரிங் கடைசி வருடம். ஐம்பதைத் தாண்டிய மனிதருக்கு இந்தப் போன் வேலையை விட்டால் வேறு வேலை தெரியாது. விரதத்தில் வேலை போய்விட்டால் ஈஸ்டருக்குப் பிறகும் கறி எடுக்க வழியிருக்காது.

நான் பயந்தபடியே ஆயிற்று. "வண்டி எப்பங்க வரும்?" என்று கேட்டவரிடம் இவர், "நாலு நாள் ஆகுமுங்க" என்று உள்ளதைச் சொன்னார். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "கெளம்பிருச்சுன்னு சொன்னாலே மூணு நாள் ஆவுது. நாலு நாள்னு நீங்களே சொன்னா, அடுத்த மாசந்தானுங்களே?" என்று சொல்லி அவர் வேறு ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டார். இப்படியே ஒவ்வொருவராகப் போனார்கள். உண்மையை அவர்கள் ஒரு பெரிய பொய்யின் முனையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டிலும் இதே கூத்து. ஒரு நாள் ஜாக்கெட் கேட்டு ஒரு அம்மா வருவதை ஜன்னலில் பார்த்துவிட்டு, நான் இல்லை என்று சொல்லச் சொல்லி உள்ளே ஓடினேன். இவர் வாசலில் நின்று, "உள்ளதானுங்க இருக்கறா. நீங்க வந்தா இல்லைன்னு சொல்லச் சொன்னா" என்றார். உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணிக்கு நோப்பாளம் என்பது சரிதான். நான் அன்றைக்குச் சோற்றுப் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே இறக்கி வைத்தேன்.

ஓனர் இவரைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். "ஏனுங்க, நாங்களும் பழனிக்கு மாலை போடறமுங்க. வாயைக் கட்டறோம், வயித்தைக் கட்டறோம். தொழிலைக் கட்டறதில்லீங்களே! இப்படியே போனா நான் வேற ஆளைப் பாக்கோணுமுங்க" என்றாராம். இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். விட்டுத் தொலையுங்கள் என்றேன். "ஈஸ்டர் வரைக்கும் பாக்கலாம் புள்ள" என்றார்.

ஆனால் ஓனர் தொழில் தெரிந்தவர். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அன்றிலிருந்து வருகிற போனையெல்லாம் முதலில் அவரே எடுத்தார். "எங்க ஆபீஸ்காரரு வேதக்காரருங்க. விரதத்துல இருக்கறாரு, பொய்யே சொல்ல மாட்டாரு. அவருகிட்டயே கேட்டுக்குங்க" என்று சொல்லி இவர் கையில் கொடுத்தார். வண்டி எங்கே நிற்கிறது, எப்போது வரும் என்பதை ஒவ்வொரு நாள் காலையிலும் அவரே இவருக்குச் சொன்னார். ஓனர் சொன்னதை இவர் அப்படியே போனில் சொன்னார். போன விவசாயிகள் திரும்பி வந்தார்கள். பொய் சொல்லாத ஆபீஸ் என்று பேர் பரவிவிட்டது. இவர் நடையே மாறிப்போனது. "பாத்தியா புள்ள, உண்மைக்கு எப்பவும் ஒரு மரியாதை இருக்குது" என்று என் கொக்கிப் பொய்யைச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் கண்டித்தார். பாவத்தை விட்டவர் பக்கத்தில் பாவியாகக் குடித்தனம் நடத்துவது சாதாரண காரியமில்லை.

எருமப்பட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மா இவரைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்ன வெங்காயம் போட்டிருக்கிறார், காய் திரளுகிற நேரம், கிணறு காலை வாரிவிட்டது. இன்னும் இரண்டு தண்ணீர் கட்டினால் எடுத்துவிடலாம். இவர் சோறு உண்ணும்போது அந்த அம்மாவைப் பற்றியே பேசுவார். "வண்டி வெண்ணந்தூருல ஓடுது, அடுத்து அந்தம்மா காட்டுக்குத்தான்னு ஓனர் சொல்லிட்டாரு. அதையே சொல்லிட்டேன். பக்கத்துக் காட்டுக்கு வந்த வேற வண்டி, உங்களுக்கும் போட்டுத் தர்றோம்னு கேட்டுச்சாம். திருச்செங்கோட்டு ஆபீஸ்ல சாமி ஒருத்தர் இருக்காரு, பொய் சொல்ல மாட்டாரு, அவங்க வண்டியே வரட்டும்னு அனுப்பிட்டாங்களாம்" என்றார். சொல்லும்போது முகத்தில் அப்படியொரு பெருமை.

மறுநாள் லைனிங் துணி வாங்க ஈரோடு ரோட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பட்டறையில் எங்கள் ஓனர் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் பச்சை நிறமும் முகப்பில் எழுதிய குலதெய்வத்தின் பேரும் எனக்கு நன்றாகத் தெரியும். கியர் பாக்ஸைக் கழற்றியிருந்தார்கள். டிரைவர் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்டேன். "வந்து நாளாச்சுங்க. சாமான் கோயமுத்தூரு போயிருக்குது. இன்னும் ஒரு வாரம் ஆயிருமுங்க" என்றார்.

துணி வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன். சொன்னால் இவர் ஓனரிடம் போய்க் கேட்பார், வேலை போகும். சொல்லாவிட்டால் வேலை இருக்கும், மகள் படிப்பு முடியும், நானும் வாய் திறந்து ஒரு பொய்யும் சொன்னதாகாது. வாயை மூடிக்கொண்டிருப்பது பத்துக் கட்டளைகளில் எதில் வருகிறது என்று தேடிப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு அதை நான் நடத்தியதே இல்லை. ஆனால் அந்த வெங்காயம் கண்ணுக்குள்ளேயே நின்றது. சாயங்காலம் இவர் வந்து இட்லிக்கு உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

இவர் தலையைத் தூக்கவில்லை. இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தபடி, "தெரியும் புள்ள" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"தினமும் அந்த ரோட்டுலதான மொபெட்ல போறேன். ஓனரு வெண்ணந்தூருன்னு சொன்னாரு. நான் கேக்கல. அவரு சொன்னதைத்தான் சொன்னேன். எம்பட வாயால ஒரு பொய்யும் வரல."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை நாள் பொய் சொன்ன மனிதர்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. "அப்பெல்லாம் நீங்க சொன்னா பாதியைத் தள்ளிட்டுத்தான் எடுத்துக்குவாங்க. இப்ப அந்தம்மா முழுசா நம்பிட்டு வந்த வண்டியத் திருப்பி அனுப்பிட்டாங்க. இதுக்குத்தான் கறியை விட்டீங்களா?" என்று கத்தினேன்.

இவர் கழுவாத கையோடு போனை எடுத்து அந்த அம்மாவைக் கூப்பிட்டார். "அம்மா, வண்டி வெண்ணந்தூருல இல்லீங்க. ரிப்பேராகிப் பட்டறையில நிக்குது. இப்போதைக்கு வராதுங்க. வேற வண்டியப் பாத்துக்குங்க" என்றார். அந்த அம்மா சிரித்தது எனக்கே கேட்டது. "ஏனுங்க சாமி, யாராச்சும் பெரிய தோட்டத்துக்காரங்க கேட்டாங்களா? உங்க ஓனரு இப்படிச் சொல்லச் சொன்னாரா? பரவால்லீங்க, நீங்க விரதக்காரரு, எனக்குத் தெரியும். நான் உங்க வண்டிக்கே காத்திருக்கறனுங்க" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் அவர் நம்பவில்லை.

விடிந்ததும் இவர் ஆபீசுக்குப் போகவில்லை. போட்டி ஆபீசுக்குப் போனார். அங்கே இருப்பவர்கள் கைகொட்டிச் சிரித்தும் அசையாமல் நின்று, அவர்கள் வண்டியைப் பேசி, அதன் கேபினிலேயே ஏறி உட்கார்ந்து எருமப்பட்டி போனார். பாதி வழியில் ஓனர் கூப்பிட்டார். எங்கே இருக்கிறேன், எந்த வண்டியில் போகிறேன் என்று இவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். "சரிங்க. இனி அந்தப் பக்கமே இருந்துக்குங்க" என்று ஓனர் அமைதியாக வைத்துவிட்டார். வேலை அத்தோடு முடிந்தது.

பொழுது சாய்ந்து, தலையெல்லாம் பாறைத் தூளோடு வீட்டுக்கு வந்தார். தண்ணீர் வந்துவிட்டதாம், பரவாயில்லாத தண்ணீர். ஆனால் மேட்டுப் பக்கத்து வெங்காயம் முழுக்கக் காய்ந்துபோயிருக்கிறது. தாளைத் தொட்டால் கையோடு நொறுங்கியதாம். வண்டி பட்டறையில் நின்றது தனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பதை அந்த வரப்பில் நின்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தாராம். அந்த அம்மா திட்டவில்லை. ஒரு சொம்பு மோரைக் கையில் கொடுத்திருக்கிறார்.

"குடிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னாங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க" என்றார்.  "'எப்பவும் போலப் பொய்யே சொல்லியிருக்கலாமே சாமி. நான் அன்னைக்கே வேற வண்டி வெச்சிருப்பனுங்களே'ன்னாங்க, புள்ள."

அவரைக் கேலி செய்ய எனக்கு எப்போதும் நாக்கு நுனியில் ஏதாவது இருக்கும். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.